தொழில் என்ன என்று கேட்டார்கள்

என் கணவர் ஹியூபேட் பன்றி இறைச்சி வெட்டுகிறவர். கொட்டாஞ்சேனையில் சந்தைக்குப் பின்பக்கம், மற்றக் கடைகளிலிருந்து ஒதுக்கி வைத்த ஒரு சின்னக் கடையில் இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்துவந்தார். இதை ஒளிவுமறைவில்லாமல் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று கதவுப் பக்கம் திரும்பியும் பார்த்துவிட்டேன். பழக்கம் அவ்வளவு லேசில் போகாது.

இவ்வளவு காலமும் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது, "அவருக்கு ஒரு ஸ்டோர்ஸில வேலை" என்பதுதான். என்ன ஸ்டோர்ஸ், எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். அதில் நான் கெட்டிக்காரி. மகள் நதீஷாவின் பள்ளிக்கூடப் படிவங்களில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் 'ஸ்டோர்ஸ் கீப்பர்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். என் அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். அவருடைய மகள் இறைச்சிக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று சொந்தக்காரர் வாயில் ஒரு தரம் விழுந்து எழும்பியதே எனக்குப் போதுமாக இருந்தது.

மறைக்க எனக்கு இன்னொரு காரணமும் வசதியாகக் கிடைத்தது. நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில், எங்கள் மாடியிலுள்ள ஆறு வீடுகளில் நாலு முஸ்லிம் வீடுகள். பக்கத்து வீட்டு ஷிராஸ் த்ரீவீல் ஓட்டுகிறவர். அவருடைய மனைவி அம்னா நோன்புக் காலத்தில் எங்களுக்குக் கஞ்சி அனுப்பாத நாளில்லை. அப்படிப்பட்ட மனிதர்களுக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாது என்று ஹியூபேட் வேலை முடிந்ததும் சந்தைக் குழாயடியிலேயே குளித்து, உடுப்பு மாற்றி, கொலோன் பூசிக்கொண்டுதான் படியேறுவார். எங்கள் வீட்டில் பன்றி சமைப்பதே இல்லை. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அம்னாவுக்கு நான் அனுப்புவது கடையில் வாங்கிய, பெட்டி பிரிக்காத கேக். இதெல்லாம் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் இருந்தது மரியாதை. என்னிடம் இருந்தது வெட்கம்.

அவருக்கு அந்த வெட்கம் ஒருநாளும் இருந்ததில்லை. பத்தொன்பது வயதில் மாமன் ஒருவரோடு கடைக்குப் போனவர், பிறகு அங்கேயே நின்றுவிட்டார். நான் அந்தக் கடைக்குப் போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போன நாட்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வெட்டும்போது கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார். வந்தது யார் என்பதைக் குரலை வைத்தே பிடித்துவிடுவார். சிங்கள நோனா ஒருத்தியிடம் அவளுடைய பாஷையில் சுகம் விசாரிப்பார். அடுத்த நிமிடம், "ரீச்சர், மகன் கனடாவில இருந்து வந்திட்டாரோ? ஒரு கிலோ கூடக் கேக்கிறீங்கள்" என்று தமிழில் பகிடி விடுவார். தலை குனிந்தபடிதான் இருக்கும். ஊர்க்கதை கேட்கத்தான் இந்த மனிதர் வேலைக்குப் போகிறார் என்று நான் நக்கலடிப்பதுண்டு. வீட்டிலும் அப்படித்தான். எனக்கு வாய் நீளம். நான் ஓயாமல் பேசுவேன், அவர் ஓயாமல் கேட்பார். எங்கள் இருபது வருடக் கலியாணம் அப்படித்தான் ஓடியது.

போன நத்தாருக்கு முதல் நாள் விடியவே கடையில் சனம் வரிசை கட்டிவிட்டது. எலும்பு தறிக்கும்போது அவருடைய இடது பெருவிரலில் கத்தி பட்டது. ஒரு பிளாஸ்ரரைச் சுற்றிக்கொண்டு பின்னேரம் வரை அதே கையால் வெட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து காட்டினார்.

"கையுறை போட்டா விரல் தேய்ஞ்சு போயிடுமோ?" என்று ஏசினேன்.

"கையுறையோட கத்தி வழுக்குமடி" என்றார்.

அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

நத்தார் முடிந்து இரண்டாம் நாள் காலையில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. தலை பிளக்கிறது என்றார். கொழும்பில் குடியிருக்கிறவர்களுக்குக் காய்ச்சல் என்றால் ஒரே பெயர்தான், டெங்கு. கீழ்மாடியில் ஏற்கெனவே இரண்டு பேர் அதில் படுத்து எழும்பியிருந்தார்கள். பனடோலைத் தவிர வேறு குளிசை கொடுக்கக் கூடாது, நீராகாரம் அளந்து கொடுக்க வேண்டும், இரத்தத்தில் பிளேட்லட் எத்தனை என்று நாளுக்கு நாள் பார்க்க வேண்டும், இவ்வளவும் எங்களுக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். பிளேட்லட் இறங்கினால் ஆபத்து, இறங்காவிட்டால் தப்பினோம். எங்கள் வைத்திய அறிவு அத்தோடு சரி.

அடுத்த நாள் ஷிராஸின் த்ரீவீலில் அவரை ஏற்றி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனேன். அவருக்குத் தலையை நிமிர்த்த முடியாமல் இருந்ததால் ஷிராஸும் தாங்கிப் பிடித்துக்கொண்டு டொக்டரின் அறைக்குள்ளே வந்தார். வந்தவர் அங்கேயே பக்கத்தில் நின்றார். டொக்டர் வயதான தமிழர், அவசரப்படாத மனிதர். தொண்டை, நெஞ்சு, கழுத்து எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஆள் என்ன வேலை செய்யிறார்?"

என் வாய் தானாகத் திறந்தது. "ஸ்டோர்ஸ் ஒண்டில, டொக்டர்."

"என்ன ஸ்டோர்ஸ்?"

"சாமான் ஸ்டோர்ஸ்."

ஹியூபேட் கண்ணை மூடியபடி இருந்தார். என்னைத் திருத்தவில்லை. அவர் என்றைக்குமே என்னைத் திருத்தியதில்லை. டொக்டர் பெருவிரலைப் பிடித்து, "இது என்ன காயம்?" என்றார்.

"தகர ரின் வெட்டினது" என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முண்டு கொடுத்தேன்.

இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். நாங்கள் எழும்பும்போது அவர் சொன்னதை இன்றைக்கு என்னால் ஒரு சொல் பிசகாமல் சொல்ல முடியும். "டெங்கு மட்டும்தான் காய்ச்சல் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்க வேண்டாம். தலையிடி கூடினாலோ, சத்தி எடுத்தாலோ, கழுத்து விறைச்சாலோ, காது கேக்கிறதில வித்தியாசம் தெரிஞ்சாலோ, கதை தடுமாறினாலோ, ரிப்போட்டைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. உடன ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்." நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அதில் ஒன்றுகூட மண்டையில் ஏறவில்லை. எனக்குத் தேவைப்பட்டது பிளேட்லட் கணக்கு மட்டும்தான்.

அன்று பின்னேரம் அது வந்தது. இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம். நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். அம்னா எங்கிருந்தோ பப்பாசி இலை தேடிக் கொண்டுவந்து, சாறு பிழிந்தும் தந்தாள். காய்ச்சலின் மூன்றாம் நாள் காலையில் மறுபடி இரத்தம் கொடுத்தோம். ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றையாயிரம். "பெரிசா இறங்கேல்ல, டெங்கு இல்ல" என்று படிக்கட்டில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு ஏறினேன். அந்த நேரம் என் மனிதருக்குள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்று பகல் கஞ்சி கொண்டுபோய்க் கூப்பிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் அசையவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். கடைசியில் தோளில் தட்டினேன். திடுக்கிட்டு எழும்பினார்.

"ஏன் சத்தம் போடாம வந்து நிக்கிறாய்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாளாகச் சரியான நித்திரையில்லை. "தொண்டை கிழியக் கத்திறன், செவிடன் மாதிரிக் கிடக்கிறீங்கள்" என்றேன். அந்தச் சொல்லை என் வாயாலேயே சொன்னேன்.

"காதுக்குள்ள மெசின் ஓடுது, பேர்ணி. இந்தப் பக்கம் ஒண்டுமே கேக்குதில்ல."

காய்ச்சலுக்குக் காது அடைக்கும்தானே என்று, உள்ளிப்பூண்டை எண்ணெயில் காய்ச்சி ஆறவிட்டு இரண்டு துளி விட்டேன். அவர் மலசலகூடத்துக்குப் போக எழும்பியபோது கால் பின்னியது. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் போனார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, திரையை இழுத்து மூடு என்றார். நதீஷாவுக்குப் பதினேழு வயது, என்னைவிட நிதானமான பிள்ளை. "அம்மா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா?" என்று கேட்டாள்.

"ரிப்போட் நல்லாயிருக்கேக்க எதுக்கு ஆஸ்பத்திரி? சும்மா போய்ப் படுத்து, இல்லாத டெங்கை வாங்கிக்கொண்டு வரவோ?" என்று அவள் வாயை அடைத்தேன். வீட்டில் கடைசிச் சொல் எப்போதும் என்னுடையதுதான்.

நாலாம் நாள் விடிந்தபோது, குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தார். தலையணையிலிருந்து தலையைத் தூக்கிவிடப் பார்த்தேன். கழுத்து வளையவில்லை, உடம்பு முழுவதும் பலகையாக எழும்பியது. நதீஷாவைப் பார்த்து என் பெயரைச் சொல்லி "பேர்ணி" என்றார். பிறகு சேட்டைத் தேடி எடுத்து மாட்டி, பொத்தானைத் தவறான ஓட்டையில் போட்டுக்கொண்டு, "கடையில சனம் நிக்குது" என்று கதவுப் பக்கம் போகப் பார்த்து அப்படியே சரிந்தார். நதீஷாதான் ஓடிப்போய் ஷிராஸின் கதவை இடித்தாள். கட்டிய சாரத்தோடு வந்த ஷிராஸ், இன்னொருவரையும் கூட்டி, அவரைக் கதிரையில் வைத்து மூன்று மாடியும் இறக்கினார். த்ரீவீலில் போகும்போது வலக்காதில் வாயை வைத்து அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். இடக்காதிலும் கத்தினேன். அவர் கண் வெளியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளுகட்டிலில் கிடத்தியதும் ஒரு இளம் சிங்கள டொக்டர் வந்தாள். எத்தனை நாள் காய்ச்சல், எப்போதிருந்து தலையிடி என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். "ரஸ்ஸாவ மொகத்த?" என்றாள். என்ன தொழில் என்று கேட்கிறாள். என் தேவனே, அந்த நிலைமையிலும் நான் "ஸ்டோர்ஸ்" என்றுதான் சொன்னேன்.

காது நேற்றிலிருந்து கேட்கவில்லை என்று நதீஷா சொன்னபோது டொக்டரின் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காய்ச்சல், தலையிடி, அதோடு காதும் போயிருக்கிறது. மிருகங்களோடு ஏதாவது தொடர்பு இருக்கிறதா, பண்ணை, இறைச்சி, பன்றி என்று சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கட்டிலின் கால்மாட்டில் ஷிராஸ் நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்தேன். புருசன் செத்துக்கொண்டிருக்கிறார், நான் அயலவர் என்ன நினைப்பார் என்று நிற்கிறேன். என்னை என்ன செய்தால் தகும்?

"ஊரு மஸ், டொக்டர்" என்றார் ஷிராஸ். பன்றி இறைச்சி. "ஊரு மஸ் கடையில வெட்டுறவர் இவர்தான். நத்தாருக்கு முதல் நாள் விரலையும் வெட்டிக்கொண்டு வந்து எனக்கும் காட்டினார்." எல்லாவற்றையும் சிங்களத்தில், தெளிவாக, ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னார்.

டொக்டர் பிளாஸ்ரரைப் பிரித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு எல்லாரும் ஓடினார்கள். முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர் அரிசி கழுவிய தண்ணீராக இருந்தது. நாளத்தில் மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகுதான் அவள் எங்களிடம் வந்தாள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்குக் கிருமி போயிருக்கிறது என்றாள். பன்றியில் இருக்கிற ஒரு கிருமி, பச்சை இறைச்சி பிடிக்கிற கையில் காயமிருந்தால் அதன் வழியாக ஏறலாம், ஏறினால் காதையும் தாக்கும், ஆய்வுகூட முடிவு வரச் சில நாள் ஆகும் என்றாள். உயிரைத்தான் முதலில் பார்க்க வேண்டும், காதைப் பற்றி இப்போது வாக்குத் தர முடியாது என்றாள்.

"நேற்றே கொண்டுவந்திருந்தால்?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "நேற்று வந்திருந்தால் நல்லது. காது குறைகிறது என்று தெரிந்த அந்த நேரமே வந்திருக்க வேண்டும். இது பிளேட்லட்டில் தெரிகிற வருத்தம் இல்லை, அம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நடைபாதையில் ஷிராஸ் சுவரில் சாய்ந்து நின்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தம்பி தெரியும்?"

"நீங்க குடி வந்த மொத மாசமே தெரியும், அக்கா. அண்ணன்தான் என்னயக் கூப்பிட்டுச் சொன்னாரு. 'நான் செய்ற வேல இது, ஒங்களுக்குக் கஷ்டமா ஈந்தா சொல்லுங்கோ, வேற வீடு பாக்குறன்' எண்டாரு. எங்களுக்கு என்ன கஷ்டம், ஒங்கட தொழில் ஒங்களுக்கு எண்டு சொன்னன். அம்னாவுக்கும் தெரியும்."

"அப்ப ஏன் என்னட்ட ஒருத்தரும் சொல்லேல்ல?"

"அண்ணன் வாணாமெண்டாரு. 'அவளுக்கு இதில வெக்கம். உங்களுக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சா நொந்து போயிடுவாள், தெரியாத மாதிரியே இருந்துகொள்ளுங்கோ' எண்டாரு."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "அண்டைக்கு டிஸ்பென்சரியில பக்கத்திலதானே நிண்டனீங்கள்! நான் பொய் சொல்லேக்க நீங்களாவது வாயைத் திறந்திருக்கலாமே!"

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணனுக்குக் குடுத்த வாக்கு, அக்கா" என்றார். அவருடைய கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. அப்போதுதான் நான் உடைந்தேன். மூன்று பேரும் ஒருவருக்காக ஒருவர் மறைத்து மறைத்தே அவரை இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டிருக்கிறோம். அவர்கள் இரண்டு பேரும் மறைத்தது என்மேல் வைத்த பட்சத்தால்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நாட்களே இல்லை. வலிப்பு ஒன்று வந்து போனது என்றார்கள். ஒருநாள் காய்ச்சல் இறங்கியது என்றார்கள், அடுத்த நாள் மறுபடி ஏறியது. புது வருடம் பிறந்த காலையில் தெருவெல்லாம் வெடி கொளுத்தினார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் யன்னலைப் பார்த்தார்கள். இவருடைய இமை அசையவில்லை. மயக்கத்தில் இருப்பவருக்கு வெடி எங்கே கேட்கப்போகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதாவோடு சண்டை பிடித்தேன். பொய் சொன்னது நான், தண்டனையை ஏன் அந்த மனிதனுக்குக் கொடுக்கிறாய் என்று கோயிலில் சத்தமாகவே கேட்டேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். வார்டில் தொழிலைக் கேட்ட தாதிக்கும், கேட்காத துப்புரவுக்காரிக்கும், பக்கத்துக் கட்டில் கிழவனுக்கும்கூட, என் புருசன் பன்றி இறைச்சி வெட்டுகிறவர் என்று சொன்னேன். இனிச் சொல்லி என்ன பிரயோசனம் என்று தெரிந்தும் சொன்னேன்.

ஒரே ஒரு நினைப்பில்தான் அந்த நாட்களைக் கடத்தினேன். இவர் கண் விழிக்க வேண்டும், விழித்ததும் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மன்னிப்பாரோ இல்லையோ, என் வாயால் அவர் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த எட்டாம் நாள் பகல், நோயாளரைப் பார்க்கும் நேரத்துக்கு நானும் நதீஷாவும் உள்ளே போனபோது அவருடைய கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். ஆளைத் தெரிந்துகொண்டார் என்பது என் விரலை இறுக்கிப் பிடித்ததில் தெரிந்தது. உயிர் தப்பிவிட்டார் என்று காலையில்தான் டொக்டர் சொல்லியிருந்தாள். காதைப் பற்றிக் கேட்டதற்கு, பரிசோதிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் களைப்பில் மறுபடி கண்ணை மூடினார். பிடித்த கையை விடவில்லை.

நான் சொல்லத் தொடங்கினேன். டிஸ்பென்சரியில் சொன்ன பொய், ரின் வெட்டியது என்ற பொய், செவிடன் என்று ஏசியது, நதீஷாவின் வாயை அடைத்தது, ஷிராஸ் சொன்ன கதை, இருபது வருடமாக அவருடைய உழைப்பைச் சாப்பிட்டுக்கொண்டே அதற்கு வெட்கப்பட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் நதீஷா தேம்பித் தேம்பி அழுதாள். அவருடைய முகம் அமைதியாக இருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், எப்போதும்போலப் பேசவிட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். எல்லாம் சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது.

கண்ணைத் திறந்தார். வார்டே திரும்பிப் பார்க்கும் அளவு சத்தமாகக் கேட்டார்.

"பேர்ணி, வந்ததில இருந்து ஏன் ஒண்டும் கதைக்கிறாயில்ல? என்னோட கோவமோ?"

நதீஷா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து, 'கோபமில்லை' என்று எழுதி அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"கோவமில்லையெண்டா கதையன்" என்றார். "எத்தினை நாளாச்சு உன்ர சத்தம் கேட்டு."